சுவருக்கு அந்தப்பக்கம் கேட்கும் தாளம்

எலெக்ட்ரானிக் நடன இசை என்றாலே கூட்டமும் ஆரவாரமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதே தாளத்தில் வீட்டு ஏக்கத்தையும், 'நாம் எந்த ஊர்க்காரர்' என்ற தவிப்பையும் சொல்லும் ஆல்பங்கள் உண்டு. பாட்டு வரிகளோ சொற்பம். அப்படியானால் ஏக்கம் எங்கிருந்து வருகிறது?

முக்கியமான கருவி, லோ-பாஸ் ஃபில்டர். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலே உள்ள ஒலிகளை அது மட்டுப்படுத்தும். வீட்டுச் சுவர் செய்வதும் ஏறக்குறைய இதேதான்: கீச்சொலிகளை நன்றாகத் தடுக்கும், பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, கடந்துபோக விடும். அதனால்தான் அடுத்த அறையில் பாட்டு ஓடினால் 'தும் தும்' மட்டும் கேட்கிறது. ஃபில்டரை 300 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 300 அதிர்வு) வைத்துப் பாட்டைத் தொடங்கினால், நாம் வெளியே நிற்பதாகக் காது எடுத்துக்கொள்ளும். எல்லையை மெல்ல உயர்த்தும்போது முதலில் குரலின் உடல் தெரியும். அப்புறம் 'ஸ', 'ஷ' போன்ற உரசல்கள். கடைசியில் ஹை-ஹாட்டின், அதாவது டிரம்மோடு வரும் ஜோடித் தட்டுகளின், சிலுசிலுப்பு. கதவு திறந்து நாம் உள்ளே போய்விட்டோம். இவ்வளவு எளிய உத்தி மனதை இந்த அளவுக்கு அசைப்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

அறையின் அளவைச் சொல்வது எதிரொலிப்பு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும், 1.7 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் பட்டுத் திரும்ப 10 மில்லிநொடி போதும். எதிரொலி சீக்கிரம் அடங்கினால் சின்ன அறை, பல நொடி நீண்டால் பெரிய மண்டபம். குரலை எதிரொலியின்றிக் காதருகே வைத்து, சிந்தசைசரை (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் கருவி) மட்டும் நீண்ட எதிரொலியில் மிதக்கவிட்டால், ஆள் பக்கத்திலும் இடம் தொலைவிலும் இருப்பதுபோலத் தோன்றும். ஊரைவிட்டு வந்தவரின் நிலைமையே அதுதானே!

சரி, தாளம் எதற்கு? நிமிடத்துக்கு 120 அடி என்றால் அரை நொடிக்கு ஒன்று. பலரும் சேர்ந்து அடிவைக்கத் தோதான வேகம். ஒரே அசைவை ஒன்றாக ஆடியவர்களிடம் நெருக்க உணர்வும் வலி தாங்கும் திறனும் கூடுவதை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டார்கள்.

2022இல் வெளியான கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு இன்னும் சுவையானது. எலெக்ட்ரானிக் கச்சேரி ஒன்றில் 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த அதிர்வுகளை அவ்வப்போது கூட்டினார்கள். அவை ஒலித்த நேரங்களில் மக்களின் அசைவு சுமார் 12 சதவீதம் அதிகரித்தது. அந்த அதிர்வு இருக்கிறதா இல்லையா என்பதைக் கேட்டுப் பிரித்தறியவும் முடியவில்லை. இந்த அதிர்வு உடல் வழியாகவும் வருகிறது. ஹெட்போனில் கேட்டால் அந்தப் பங்கு கிடைக்காது. ஃபில்டரும் எதிரொலியும் கட்டிய வீடு மட்டும் அதில் முழுசாகக் கேட்கும்.