பார்க்காத கண்களுக்கு அஞ்சும் வயது

மட்டக்களப்பு வாவியில் தூண்டில் போடுபவரின் கண் தண்ணீரில் இருப்பதில்லை, தக்கையில்தான் இருக்கும். கீழே நடப்பதை அதுதான் சொல்லும். தன்மதிப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது என்கிறது, உளவியலாளர் மார்க் லீரியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1995இல் முன்வைத்த கருத்து. மற்றவர்கள் நம்மை எவ்வளவு தூரம் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதைக் காட்டும் மானி அது.

பதின்ம வயதில் மூக்கில் ஒரு பரு வந்தாலே போதும், தக்கை அமிழ்ந்துவிடும். கல்லடியில் ரியூஷன் வகுப்புக்குப் புறப்பட்ட பத்தாம் தரப் பிள்ளை ஒருத்தி படலையடியில் தயங்கி நிற்கிறாள் என்று வையுங்கள். "உன்னை யார் பார்க்கப் போகிறார்கள், போ மகள்" என்பார் அம்மா. சொன்னது உண்மைதான். பயன்தான் இல்லை.

உளவியலாளர் லியா சொமர்வில்லின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு அதற்கான காரணத்தைக் காட்டுகிறது. சிறுவர், பதின்ம வயதினர், இளைஞர் எனப் பலரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, "உன் வயதுடைய ஒருவர் இப்போது கமெரா வழியாக உன்னைப் பார்க்கிறார்" என்றார்கள். அவ்வளவுதான், வேறு வேலை எதுவும் கொடுக்கவில்லை. சிறுவர்களைவிடப் பதின்ம வயதினருக்குக் கூச்சம் கூடியது, தோல் அதிகம் வியர்த்தது, தன்னைப் பற்றி எண்ணும்போது இயங்கும் முன்மூளையின் நடுப்பகுதியும் விழித்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், கமெராவுக்கு அப்பால் ஒருவருமே இல்லை. உடல் வியர்த்துவிட்ட பிறகு அம்மாவின் நியாயம் எங்கே ஏறும்?

இந்த இல்லாத கூட்டத்துக்கு 1967இலேயே 'கற்பனைப் பார்வையாளர்' என்று பெயர் வைத்தார் உளவியலாளர் டேவிட் எல்கைன்ட். பெரியவர்களும் இதற்குத் தப்பியவர்கள் அல்லர். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கூச்சம் தரும் ஒரு பாடகரின் படம் போட்ட டீஷேர்ட்டை அணிவித்து, பிறர் நிறைந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப்பேராவது கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

ஆனால் சில பார்வைகள் கற்பனை அல்ல. தவணைப் பரீட்சை முடிந்ததும் "எத்தனையாம் பிள்ளை?" என்று ஒழுங்கை முழுவதும் கேட்பது நம் ஊர்ப் பழக்கம். அதில் வாடும் பிள்ளையிடம் 'எல்லாம் உன் கற்பனை' என்பது அநியாயம். அங்கே தக்கை சரியாகவே வேலை செய்கிறது. கேள்வியை நிறுத்த வேண்டியவர்கள் நாம்தான். நாட்கணக்காக உணவும் உறக்கமும் கெட்டு, பிள்ளை ஒதுங்கியே இருந்தால் அது பருவுக்கும் வெட்கத்துக்கும் அப்பாற்பட்டது. இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணுக்கு அழைத்துப் பேசலாம்.

படலையடியில் நிற்பவளிடமோ, "வகுப்பில் பக்கத்தில் இருக்கும் பிள்ளை நேற்றுத் தலையில் என்ன நிறப் பட்டி கட்டியிருந்தாள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவளுக்கு நினைவிருக்காது.