பயிர் கப்பலேறி வந்தது, பக்குவம் வரவில்லை

புதிதாக வந்த தானியத்தையோ கிழங்கையோ ஒரு ஊர் சாப்பிடத் தயங்கினால் உடனே பழைமைவாதம் என்று முத்திரை குத்திவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எப்போதாவது ருசி பார்க்கும் பண்டம் என்றால் பரவாயில்லை, மூன்று வேளையும் வயிற்றை நிரப்புகிற உணவில் சின்னக் குறை இருந்தாலும் அது மாதக்கணக்கில் உடம்பில் சேரும்.

மக்காச்சோளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறப்போட்டு, கழுவி, அப்புறம்தான் அரைப்பார்கள். தோல் கழன்று மாவு நன்றாகத் திரளும் என்பது சமைப்பவருக்குத் தெரிந்த பலன். அதோடு, தானியத்துக்குள் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி பிணைந்து கிடக்கும் நியாசின் என்ற பி3 வைட்டமினும் அந்தச் சுண்ணாம்பின் காரத்தன்மையால் விடுபடுகிறது. ஐரோப்பியர்கள் விதையை மட்டும் கொண்டுபோனார்கள். பிறகு, வடக்கு ஸ்பெயினிலும் இத்தாலியிலும் மக்காச்சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளுக்குத் தோல் கறுத்து வெடித்து, வயிற்றுப்போக்கு கண்டு, முற்றியவர்களுக்குப் புத்தியும் பேதலித்தது. 1735-இல் காஸ்பர் காசல் என்ற ஸ்பெயின் மருத்துவர் விவரித்த இந்த நோய்தான் பெல்லாக்ரா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இது பரவியபோது தொற்றுநோய் என்றே பலர் அடித்துச் சொன்னார்கள். உணவிலுள்ள குறைதான் காரணம் என்று அமெரிக்க மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் காட்டிய பிறகும் நம்ப மறுத்தவர்கள் உண்டு.

மரவள்ளியிலும் இதே கதைதான். போர்த்துகீசியர் அதைத் தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். கசப்பு ரகக் கிழங்கை ஊறவைத்தோ துருவிப் புளிக்கவைத்தோ காயப்போட்டால் அதிலுள்ள சயனைடு பெரும்பாலும் வெளியேறிவிடும். வறட்சியிலும் போரிலும் பசி தாங்காமல் இந்த வேலையைச் சுருக்கிய இடங்களில் கொன்சோ என்ற கால் முடங்கும் நோய் வந்தது.

எல்லாத் தயக்கமும் உடல்நலம் பற்றியது என்று சொல்ல வரவில்லை, அந்தஸ்தும் இருக்கிறது. தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில் வெள்ளை மக்காச்சோள மாவுக்குத்தான் மதிப்பு. மஞ்சள் ரகத்தில் உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் நிறமிகள் இருந்தும், அது பஞ்ச நிவாரணமாகவும் மாட்டுத் தீவனமாகவும் பழகிப்போனதால் பலர் ஒதுக்குகிறார்கள்.

வைட்டமின் ஏ-யாக மாறும் நிறமி நிறைந்த ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக்கும் இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் உகாண்டாவிலும் மொசாம்பிக்கிலும் முக்கியமான சிக்கல் வாயில் வைத்தால் எப்படி இருக்கிறது என்பதுதான்: வெளியிலிருந்து வந்த ஆரஞ்சு ரகங்கள் வெந்தபின் சொதசொதவென்று இருந்தன, மக்களுக்கோ மாவாக உதிரும் கிழங்குதான் கிழங்கு. வல்லுநர்கள் உள்ளூர் ரகங்களோடு கலப்பு செய்து அந்த மாவுத்தன்மையைக் கூட்டினார்கள், சிறு குழந்தைகளுக்கு நல்லது என்று தாய்மாரிடம் எடுத்துச் சொன்னார்கள், பயிர் பரவியது. 2016-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசில் பெரும்பங்கு இந்த வேலைக்குத்தான் போனது.