தோட்டம் உங்களுடையது, செடி தடைப் பட்டியலில் இருந்தால்?

தோட்டம் அமைத்துத் தருவது என் தொழில். 'இந்தச் செடி வேண்டாம், சட்டச் சிக்கல் வரும்' என்று வாடிக்கையாளரிடம் சொன்னால் பெரும்பாலும் ஒரே கேள்விதான் திரும்பி வரும்: 'என் இடத்தில் என் காசில் நான் வளர்ப்பதற்குச் சட்டத்துக்கு என்ன வேலை?'

கேள்வி நியாயமானதுதான். ஆனால் உண்ணிச்செடியையும் ஆகாயத்தாமரையையும் (வாட்டர் ஹயசின்த்) கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோனவர்கள் அழகுக்காக வளர்த்தவர்களே. உண்ணிச்செடிப் பழத்தைத் தின்ற பறவை வேலியைப் பார்த்து எச்சமிடுவதில்லை. அதனால்தான் பல நாடுகள் இப்படிக் கட்டுக்கடங்காமல் பரவும் 'ஆக்கிரமிப்புத் தாவரங்களை'ப் பட்டியலிடுகின்றன; அந்தச் சட்டம் தனியார் தோட்டத்துக்குள்ளும் வருகிறது.

நட்டால் குற்றம், நடாவிட்டால் இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் செடியை வைத்திருப்பது, அதை வெளியே பரவ விடுவது, அடுத்தவருக்குக் கொடுப்பது மூன்றையும் சட்டம் தனித்தனியாகப் பார்க்கிறது. நாட்டுக்கு நாடு எல்லைக்கோடும் மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, பட்டியலில் உள்ள தாவரத்தை வைத்திருப்பது, வளர்ப்பது, விற்பது, பரிமாறுவது எல்லாமே தடை. ஆகாயத்தாமரை 2016இல் வந்த முதல் பட்டியலிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் ஜப்பான் நாட்வீட் என்ற, மண்ணுக்கடியில் பரவும் செடி உங்கள் தோட்டத்தில் இருப்பதே குற்றம் ஆகாது. 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி அதைத் தோட்டத்துக்கு வெளியே இயற்கைச் சூழலில் நடுவதும் வளரச் செய்வதும்தான் குற்றம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உண்ணிச்செடியை விற்கக் கூடாது, இலவசமாகக்கூடக் கொடுக்கக் கூடாது.

அந்த 'இலவசமாகக்கூட' என்பதை நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன். தோட்டக்காரர்களின் அன்பே பதியன் கொடுப்பதில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் ஒரு கிளையை ஒடித்துக் கொடுத்துவிடுகிறோம். காசு வாங்கவில்லை, அதனால் விற்பனை இல்லை என்பது பல சட்டங்களில் செல்லாது.

அடுத்து, கழிவு. என் அனுபவத்தில் நல்ல எண்ணம் உள்ளவர்களே மாட்டிக்கொள்ளும் இடம் இது. செடி ஆபத்தானது என்று தெரிந்ததும் அவசரமாகப் பிடுங்கிக் குப்பையோடு போட்டுவிடுகிறார்கள். மீன்தொட்டியில் மிதந்த தாவரத்தைக் குளத்தில் கொட்டிவிடுகிறார்கள். நாட்வீட்டின் மண்ணடித் தண்டில் ஒரு சிறு துண்டு போதும், புதிதாக முளைக்கும். அதனால்தான் இங்கிலாந்தில் தோட்டத்திலிருந்து வெளியே எடுத்துச் செல்லும் நாட்வீட்டுக் கழிவு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அதை அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். எங்கே இருந்தாலும், பிடுங்குவதற்கு முன்பே 'இதை எங்கே, எப்படி அழிப்பது' என்று உங்கள் பகுதியின் வேளாண்மை அல்லது சுற்றுச்சூழல் துறையைக் கேட்டுவிடுங்கள்.

வீடு விற்கும்போதும் இது வந்து நிற்கும். தென்னாப்பிரிக்காவில், நிலத்தில் பட்டியலிட்ட ஆக்கிரமிப்புத் தாவரம் இருந்தால் விற்பவர் அதை வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இங்கிலாந்தில் விற்பவர் நிரப்பும் படிவத்திலேயே நாட்வீட் பற்றித் தனிக் கேள்வி இருக்கிறது. ரயில்வே நிலத்திலிருந்து நாட்வீட்டின் வேர்த்தண்டுகள் வீட்டு நிலத்துக்குள் பரவிய வழக்கில், 2018இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் வீட்டு உரிமையாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கட்டடம் விரிசல் விடும் வரை காத்திருக்கத் தேவையில்லை; நிலத்தை நிம்மதியாக அனுபவிக்க முடியாமல் போவதே போதுமான பாதிப்பு என்றது. ஆக, அரசு கேட்காவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கலாம்.

'இது விதையில்லா ரகம், பரவாது' என்று நர்சரியில் சொன்னார்கள் என்பார்கள் சிலர். இதில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. காரணம் அமெரிக்காவின் கேலரி பேரி மரம். வசந்தத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்பதால் அதன் பிராட்ஃபோர்ட் ரகம் தெருவெங்கும் நடப்பட்டது. அந்த ரகம் தனக்குள் மகரந்தச் சேர்க்கை செய்து காய்க்காது. அப்புறம் கேலரியின் வேறு ரகங்கள் வந்தன. பக்கத்தில் வேறு ரகம் இருந்ததும் காய்க்கத் தொடங்கியது; பறவைகள் விதையைத் தூக்கிச் சென்றன. ஒஹையோ மாநிலம் 2023 ஜனவரி முதல் அதை விற்கவும் நடவும் தடை போட்டது. ஏற்கெனவே நிற்கும் மரத்தை வெட்டச் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டையும் கவனியுங்கள்: தடை வந்துவிட்டது என்பதற்காக உடனே கோடரி எடுக்க வேண்டியதில்லை. சில இடங்களில் வைத்திருக்கலாம், சில இடங்களில் அகற்றியே ஆக வேண்டும், சில இடங்களில் அனுமதி வாங்க வேண்டும். படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

வாங்கும் முன் அந்தத் தாவரத்தின் அறிவியல் பெயரைக் கேட்டு வாங்குங்கள். கடைப்பெயரை வைத்துப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. இணையத்தில் வெளிநாட்டு விதை வாங்குபவர்கள் இறக்குமதி விதிகளையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் இதை 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் உத்தரவு கட்டுப்படுத்துகிறது. தபாலில் வரும் சின்னப் பொட்டலமும் இறக்குமதிதான்.

இன்னொன்று. போன முறை பார்த்தபோது இல்லை என்று அசட்டையாக இருக்காதீர்கள். ஐரோப்பியப் பட்டியல் 2016இல் 37 இனங்களோடு தொடங்கியது; 2022இல் 88 ஆனது. நான் ஒவ்வொரு நடவுத் திட்டத்துக்கும் முன்பு பட்டியலைத் திரும்பப் பார்க்கிறேன், பழைய வாடிக்கையாளரின் தோட்டமாக இருந்தாலும் சரி.