காயவிட்ட பசை எப்படி ஒட்டுகிறது?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் காற்றடிக்கும் படகு ஒன்று இருக்கிறது. மைத்துனர் பெங்களூரிலிருந்து வாங்கி வந்தது. அதன் அடிப்பக்கத்தைக் கல் கீறிவிட, பஞ்சர் கடையில் சைக்கிள் டியூபுக்குப் போடும் சொல்யூஷனைத் தடவி ஒட்டு போட்டுக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் ஒட்டு கையோடு உரிந்து வந்துவிட்டது. "கடைக்காரர் பசையைக் காயவிட்டு ஒட்டினார், அதனால்தான் பிடிக்கவில்லையோ? அடுத்த தடவை ஈரமாக இருக்கும்போதே ஒட்டலாமா?" என்கிறார்.

கடைக்காரர் காயவிட்டது சரிதான். தப்பு வேறு இடத்தில் நடந்திருக்கிறது.

நம் பக்கத்தில் படகு என்றதும் நினைவுக்கு வருவது ஒகேனக்கல் பரிசல். மூங்கில் பின்னல், அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, மேலே தார். ஓட்டை விழுந்தால் தாரைக் காய்ச்சிப் பூசலாம். காற்றுப் படகு அவ்வளவு எளிதில் மன்னிக்காது. ஆனால் அதுவும் இப்போது நமக்குத் தேவைப்படும் பொருளாகிவிட்டது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் இந்தப் பக்கம் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வேன்களை வெள்ளம் இழுத்துப் போன வீடியோவை எல்லோரும் பார்த்தோம். கிருஷ்ணகிரியில் போய் மீட்புப் படகா என்று இனி யாரும் கேட்க முடியாது.

சரி, படகின் தோலுக்கு வருவோம். நடுவில் பாலியஸ்டர் துணி இருக்கிறது. இழுவிசையைத் தாங்குவது அதுதான். இருபுறமும் காற்றை விடாத பூச்சு. விலை குறைந்த படகுகளில் இந்தப் பூச்சு பி.வி.சி., விலை கூடியவற்றில் ஹைபலான் என்ற செயற்கை ரப்பர். (டூபாண்ட் நிறுவனம் 2010-இல் ஹைபலான் தயாரிப்பை நிறுத்திவிட்டது. மற்றவர்கள் செய்யும் அதே சரக்கையும் சந்தை இன்னும் அந்தப் பெயரில்தான் கேட்கிறது.) எது என்று தெரியாவிட்டால் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். ஹைபலான் மங்கித் தூள் தூளாக உதிரும். பி.வி.சி. அப்படி உதிராது.

பி.வி.சி. தன்னளவில் விறைப்பான பொருள். மோட்டாருக்குப் போடும் தண்ணீர்க் குழாயும் அதே பி.வி.சி.தான். மடக்கிச் சுருட்டும் அளவுக்கு அதை இளக்குவதற்கு எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலக்கிறார்கள். இந்த இளக்கி பி.வி.சி.யோடு வேதிப் பிணைப்பில் இருப்பதில்லை. நடுவே தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் மெதுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும். சாதாரண ரப்பர் பசை பக்கத்தில் இருந்தால் அதற்குள் புகுந்து அதைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். வாசகரின் ஒட்டு உரிந்ததற்கு ஒரு காரணம் இது. இன்னொன்று, டியூப் சொல்யூஷன் செய்யும் வேலையே வேறு. சார்லஸ் குட்இயர் 1839-இல் ரப்பரையும் கந்தகத்தையும் சூடாக்கிச் செய்ததை, அந்தப் பசையும் ஒட்டும் சேர்ந்து அடுப்பில்லாமல் செய்கின்றன. ரப்பர் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளின் அருகே கந்தகம் குறுக்குப் பிணைப்பு போடுகிறது. பி.வி.சி.யில் அப்படிப்பட்ட இடமே இல்லாதபோது கந்தகம் எங்கே போய்ப் பிடிக்கும்? பி.வி.சி.க்கு பாலியூரித்தேன் பசை வேண்டும். ஹைபலானுக்கு நியோப்ரீன் பசை. இரண்டுமே செருப்புத் தைக்கும் இடங்களில் புழங்கும் பசைகளுக்கு நெருங்கிய சொந்தம்.

இனி நான் சொல்ல ஆசைப்படும் விஷயம். காய்ந்த பசை எப்படி ஒட்டுகிறது?

பசை என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைக் கரைப்பானில் கரைத்த கரைசல். தோலில் தடவியதும் கரைப்பான் மேற்பரப்பைச் சற்று உப்பவைக்கிறது, சங்கிலிகள் அந்த இடுக்குகளில் நுழைகின்றன. அப்புறம் கரைப்பான் ஆவியாகிவிடுகிறது. விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஒட்டாது. "காய்ந்துவிட்டது" என்று சொல்வது இந்த நிலையைத்தான். ஆனால் உள்ளே சங்கிலிகள் இறுகிவிடவில்லை. கண்ணுக்குத் திடப்பொருளாகத் தெரியும் அந்தப் படலத்துக்குள் அவை இன்னும் நெளிந்துகொண்டிருக்கின்றன. இப்போது படகில் ஒரு படலம், ஒட்டில் ஒரு படலம். இரண்டையும் அழுத்தினால் இந்தப் பக்கச் சங்கிலியின் நுனி எல்லையைத் தாண்டி அந்தப் பக்கத்துச் சங்கிலிகளுக்கு நடுவே ஊர்ந்து போகிறது. அங்கிருந்தும் இங்கே வருகிறது. அப்போதுதான் ஆவியில் இருந்து எடுத்த இரண்டு இடியாப்பங்களைச் சேர்த்து அழுத்தியதுபோல, எது எந்தத் தட்டில் இருந்தது என்று பிரிக்க முடியாமல் போகிறது. சங்கிலிகள் ஒன்றுக்கொன்று நடுவே இப்படி நுழைந்து ஊரும் விதத்துக்கு 1971-இல் கணக்கு எழுதிக் காட்டியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென். 1991-இல் நோபல் பரிசு வாங்கியவர் இவர்தான். பசையைப் பற்றி யோசிப்பது சின்ன வேலை இல்லை என்று மாணவர்களுக்குச் சொல்ல இந்த ஒரு பெயர் போதும்.

ஈரத்தோடு ஒட்டினால் சங்கிலிகள் இன்னும் வேகமாகக் கலக்குமே என்று தோன்றலாம். கலக்கும்தான். ஆனால் மாட்டிக்கொண்ட கரைப்பான் எந்த வழியாக வெளியேறும்? காற்றே போகக் கூடாது என்று செய்த தோல் கீழே இருக்கிறது. அதே தோலில் வெட்டிய ஒட்டு மேலே இருக்கிறது. நடுவில் அகப்பட்ட கரைப்பான் வாரக் கணக்கில் பசையை இளக்கி வைக்கும். வெயில் பட்டால் ஆவியாகிக் கொப்புளம் கிளம்பும். காகிதத்துக்கும் மரத்துக்கும் ஈரப் பசை ஒத்துவருவது, அவை ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுவதால்தான்.

கதை இதோடு முடியவில்லை. கலந்த சங்கிலிகள் சில நிமிடங்களில் ஆங்காங்கே வரிசையாக அடுக்கிக்கொண்டு சிறு சிறு படிகங்களாகின்றன. ஒட்டியவுடன் கை உணரும் பிடிப்பு இதிலிருந்து வருகிறது. காயவிட்டு மறந்துபோய் ஒரு மணி நேரம் கழித்து வந்தால் பசை ஒட்டாததற்கும் இதுவே காரணம்: இரண்டு படலங்களும் தனித்தனியாகப் படிகமாகிவிட்டன, எல்லை தாண்டச் சங்கிலிகளுக்கு அசைவில்லை. தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால் சுமார் 50, 60 டிகிரியில் படிகங்கள் உருகும், சங்கிலிகள் மறுபடி அசையும், பசை உயிர் பெறும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. காய்ந்துபோனது என்று தூக்கிப்போட இருந்த பசை, கொஞ்சம் வெந்நீர்ச் சூட்டில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறது!

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஏப்ரலில் தர்மபுரி நிழலிலேயே 38 டிகிரி அடிக்கும்போது வெயிலில் கிடக்கும் கருந்தோல் 60 டிகிரியைத் தாண்டும். அதே படிகங்கள் அப்போதும் உருகும், ஓரம் பிளக்கும். இதைத் தடுக்கத்தான் பசையோடு கடினமாக்கி என்ற இரண்டாவது குப்பி வருகிறது. அதில் உள்ள ஐசோசயனேட் சங்கிலிகளுக்கு நடுவே நிரந்தரக் குறுக்குப் பிணைப்புகளைப் போட்டுவிடுகிறது. அப்புறம் சூட்டுக்கு அசையாது. ஒரு குப்பி மட்டும் வாங்கி ஒட்டிய படகு ஜனவரியில் நன்றாக இருந்து சித்திரையில் காலை வாரும்.

செய்முறை நீளமானதில்லை. பழைய பசையை முழுக்கச் சுரண்டி, ரப்பரென்றால் உப்புத்தாள் போட்டு, துடைத்து, மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. ஒட்டை மூலையில்லாமல் வட்டமாக வெட்டுங்கள். உரிவது எப்போதும் மூலையில்தான் தொடங்கும். நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் அழுத்துங்கள். 24 மணி நேரம் காற்றடிக்க வேண்டாம். ஆற்றங்கரையில் விடிகாலையில் செய்யவும் வேண்டாம். ஆவியாகும் கரைப்பான் மேற்பரப்பைக் குளிர்விக்க, அதில் கண்ணுக்குத் தெரியாத பனி படியும். ஐசோசயனேட் அந்த நீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு விடும், உள்ளே நுரை தட்டும். உலர்ந்த நாளில் மரநிழலே நல்லது. கரைப்பான் ஆவி தலைசுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். அறைக்குள் வேண்டாம், பீடி வேண்டவே வேண்டாம்.

கடினமாக்கிக் குப்பியைத் திறந்துவிட்டால் காற்று ஈரத்திலேயே கெட்டுப்போகும். படகு வாங்க நிதி ஒதுக்குகிறோம், வருஷா வருஷம் மாற்ற வேண்டிய அந்தச் சின்னக் குப்பிக்கு யார் ஒதுக்குகிறார்கள்? படம் பிடிக்கும்படி புதுப் பொருள் வாங்குவதில் இருக்கும் ஆர்வம் பராமரிப்பில் நமக்கு வருவதேயில்லை. ஆயுத பூஜைக்குப் படகுக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதில் எனக்கு ஆட்சேபனை கிடையாது. எலுமிச்சம்பழம் கட்டினால் ஓட்டை அடையாது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பண்டிகை வருவதோ வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால். அன்றைக்கே படகை விரித்துக் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழி வருகிறது என்று பார்த்தால் பூஜைக்கு அர்த்தம் கூடும். திரும்பச் சுருட்டும்போது ஈரம் போகக் காயவைத்து, எலி ஏறாத இடத்தில் வையுங்கள். எலி கடித்த இடத்தைக் கண்டுபிடிப்பது கல் கீறியதைவிடச் சிரமம், ஏனென்றால் சுருட்டின மடிப்பு ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை இருக்கும்.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வரும்: தண்ணீரில் இறக்கியதும் படகு தொளதொளக்கிறது, கண்ணுக்கு ஓட்டை தெரியவில்லை. ஓட்டை இல்லாமலே இருக்கலாம். சிறு படகுகளில் காற்றழுத்தம் சுமார் 3 பி.எஸ்.ஐ.தான் (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு). அளவுமானி காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும்தான். கரையில் வெயிலில் உள்காற்று 50 டிகிரி இருக்கும்போது 3 வைத்துவிட்டு 25 டிகிரித் தண்ணீரில் இறக்கி, காற்று முழுசாகக் குளிர்ந்தால் அளவுமானி 1.6-ஐ ஒட்டி நிற்கும். ஏறக்குறையப் பாதி போய்விட்டது, ஒரு துளி காற்றும் வெளியேறவில்லை. ஓசூரில் காற்றடித்து வண்டியில் ஏற்றி ஒகேனக்கல்லுக்குக் கொண்டுவந்தாலும் இப்படித்தான். சுமார் 650 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடி, 3 என்பது 2 ஆகிவிடும்.

ஆகவே ஓட்டை தேடுமுன் மாலையில் நிழலில் காற்றடித்து அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், இன்னொரு நாள் அதே நேரம், அதே வெப்பநிலையில் மறுபடி பாருங்கள். குறைந்திருந்தால் முதலில் வால்வைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் மூடியின் விளிம்பில் ஒரு மணல் துகள் உட்கார்ந்திருந்தால் போதும், பசை எதுவும் தேவைப்படாது.