டிப்ளாய்மென்ட்: வரிசைப்படுத்தலா, களமிறக்கமா?

ஏஐ முகவர்கள் (நமக்காகத் தாமே வேலைகளைச் செய்யும் ஏஐ நிரல்கள்) பயன்படுத்தும் ஒரு கருவிக்குத் தமிழில் விளக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மென்பொருளில் அண்மையில் நடந்த டிப்ளாய்மென்ட்களைப் பட்டியலிட்டுத் தருவதுதான் அதன் வேலை. முதல் வரியை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். 'சமீபத்திய வரிசைப்படுத்தல்களைப் பட்டியலிடுகிறது' என்று வந்தது. இதைப் படிப்பவருக்கு என்ன தோன்றும்? எக்செல் தாளில் பெயர்களை அகர வரிசையில் அடுக்குவதுதான். நாம் சொல்ல வந்ததற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

டிப்ளாய்மென்ட் என்றால் என்ன? எழுதிச் சோதித்து முடித்த நிரலை, பயனர்கள் உண்மையில் பயன்படுத்தும் சர்வரில் ஏற்றி ஓட வைப்பது. அலுவலகத்தில் 'டிப்ளாய் பண்ணியாச்சா?' என்று கேட்போம். 'ப்ரொடக்‌ஷனுக்குப் போயிடுச்சா?' என்றும் கேட்போம்; பயனர்கள் பயன்படுத்தும் அந்த சர்வர்தான் ப்ரொடக்‌ஷன். இந்த இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். ஒன்று ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. தமிழ்ச் சொல்லிலும் அந்த எண்ணம் இருக்க வேண்டும்.

சரி, வரிசைப்படுத்தல் எங்கிருந்து வந்தது? மூலம் லத்தீன். 'ப்ளிகாரே' என்றால் மடிப்பது. 'டிஸ்' என்ற முன்னொட்டு சேர்ந்தால் மடிப்பைப் பிரிப்பது, விரிப்பது. அது பிரெஞ்சில் 'தெப்ளுவாயே' ஆகி, 18-ம் நூற்றாண்டின் இறுதியில் படைத்துறைச் சொல்லாக ஆங்கிலத்துக்கு வந்தது. நீளமாக ஒருவர் பின் ஒருவராக நடந்து வந்த படை, போர்முனையில் பக்கவாட்டில் விரிந்து அகன்ற வரிசையாக நிற்பதுதான் அந்த டிப்ளாய். நம் மொழிபெயர்ப்பில் வந்த 'வரிசை' அந்தப் படைவரிசையாகத்தான் இருக்க வேண்டும். திரை என்ற பொருளில் நாம் சொல்லும் 'டிஸ்ப்ளே'யும் இதே மூலத்தில் பிறந்தது. 'அப்ளிகேஷன்' என்ற சொல்லுக்குள்ளும் அதே ப்ளிகாரே இருக்கிறது. ஆக, அப்ளிகேஷனை டிப்ளாய் செய்கிறோம் என்னும்போது ஒரே வாக்கியத்தில் இரண்டு மடிப்புகள்!

விரிதல் என்ற இந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். புதிய நிரல் எட்டு சர்வர்களுக்கும் போயிருக்க வேண்டும். ஏழுக்குத்தான் போனது. எட்டாவதில் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்றுத் தாறுமாறாகப் பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் நட்டம். முழுதும் விரியாத மடிப்பு ஒன்று போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி மாற்றுச் சொற்கள். 'நிறுவல்' இன்ஸ்டால் செய்வதற்கு உரியது. போனில் ஒரு செயலியை நிறுவுகிறோம், அவ்வளவுதான். 'வெளியீடு' ரிலீஸுக்கு உரியது. ஒரே வெளியீட்டைப் பத்து இடங்களில் டிப்ளாய் செய்யலாம். 'பணியமர்த்தல்' ஆளை வேலைக்கு எடுப்பதுபோல ஒலிக்கிறது. 'விரிப்பு' மூலத்துக்கு நேர்மையானது, ஆனால் சொன்னதும் தரை விரிப்புதான் நினைவுக்கு வரும்.

நான் தேர்ந்தெடுப்பது 'களமிறக்கம்'. வெள்ளம் வந்தால் மீட்புப் படையினர் களமிறக்கப்பட்டனர் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. தேர்தல் வந்தால் வேட்பாளரைக் களமிறக்குகிறார்கள். களம் தமிழில் வெறும் போர்க்களம் மட்டும் அல்ல. நெல் அடிக்கிற இடமும் களம்தான். தொல்காப்பியம் ஏரோர் களவழி, தேரோர் களவழி என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுகிறது. விளைச்சல் வந்து சேரும் இடம், வேலை உண்மையில் நடக்கும் இடம் என்ற பொருள் ப்ரொடக்‌ஷன் சர்வருக்கு எவ்வளவு பொருத்தம்! 'களமிறக்கல்' என்றும் சொல்லலாம். ஆனால் பட்டியல் என்று வரும்போது பன்மை வேண்டும். 'களமிறக்கல்கள்' நாக்கில் தட்டுகிறது, 'களமிறக்கங்கள்' இயல்பாக வருகிறது.

அப்புறம் அந்தக் கருவிக் குறிப்பு. ஏஐ மாடல்களை வெளிக் கருவிகளோடு இணைக்க, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், உள்ளீடுகளின் வடிவம் ஆகியவை உண்டு. எந்தக் கருவியை எப்போது அழைப்பது என்று மாடல் அவற்றைப் படித்துத்தான் முடிவெடுக்கிறது. அதனால் அங்கே சொல் பிசகினால் செயலும் பிசகும். டிப்ளாய்மென்ட் என்ற சொல்லோ இடத்துக்கு இடம் பொருள் மாறுகிறது. நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்பின் ஏபிஐயில் (பிற நிரல்கள் அதோடு பேசும் வழி) டிப்ளாய்மென்ட் என்பது களமிறக்கும்படி கேட்கும் கோரிக்கை மட்டுமே. அது வெற்றியா தோல்வியா என்பது தனியாக இருக்கும் நிலைக் குறிப்பில்தான் தெரியும். பல சர்வர்களில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருளான குபர்நெட்டிஸிலோ அது நிகழ்வே அல்ல. எத்தனை பிரதிகள் ஓட வேண்டும் என்று விரும்பும் நிலையை எழுதி வைத்த ஒரு பொருள். அந்த இடத்தில் களமிறக்கம் என்று பெயர்ப்பது தவறு. டிப்ளாய்மென்ட் என்றே விட்டுவிடுவதுதான் சரி.

'நேற்று இரவு தளம் ஏன் விழுந்தது?' என்று ஒருவர் கேட்கிறார், முகவர் இந்தக் கருவியை அழைக்கிறது என்று வையுங்கள். பட்டியலின் முதல் வரி தோற்றுப்போன முயற்சியாக இருக்கலாம். அதையே இப்போது ஓடுகிற பதிப்பு என்று முகவர் எடுத்துக்கொண்டால் விடை முழுக்கத் தவறிவிடும். ஆகவே நான் கடைசியில் எழுதிய குறிப்பு இது: 'ஒரு திட்டத்தின் அண்மைக் களமிறக்க முயற்சிகளை, புதியது முதலில் வரும்படி தருகிறது. தோல்வியடைந்தவையும் இன்னும் முடியாதவையும் இதில் அடங்கும். இப்போது களத்தில் ஓடும் பதிப்பை அறிய, அதே சூழலில் வெற்றி நிலையிலுள்ள கடைசிக் களமிறக்கத்தைப் பார்க்கவும்.'