பழ ஈப் புழுவின் சிறகும் அப்பாவின் கால்விரலும்

சென்ற வாரம் மீண்டும் ஒரு நோயாளியின் கால்விரலை எடுக்க வேண்டியிருந்தது. சர்க்கரை நோய் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அவர் 58 வயதுத் தையல்காரர். வலது பெருவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். முதல் முறை வந்தபோதே சுத்தம் செய்து கட்டுப் போட்டு, “காலை ஊன்றாதீர்கள், மூன்றாம் நாள் வாருங்கள்” என்று சொல்லி அனுப்பினேன். அவர் வந்தது ஆறு வாரம் கழித்து. சாக்ஸைக் கழற்றும் முன்பே வாடை வந்துவிட்டது. விரல் கறுத்திருந்தது.

மகன் கைபேசியை நீட்டி ஒரு காணொளியைக் காட்டினார். பழ ஈயின் புழுவுக்குச் சிதைந்த திசு மறுபடி வளர்கிறதாம். அந்தச் சக்தி மனிதனுக்குள்ளும் உறங்குகிறதாம். அதை எழுப்ப ஒரு ஸ்டெம் செல் பொடியாம். தினமும் இரண்டு வேளை பாலில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். “ஈக்கே வளர்கிறதே, டாக்டர்” என்றார்.

புழுவைப் பற்றிய ஆய்வு பொய்யில்லை. பழ ஈயின் புழுவுக்குள், பின்னால் சிறகும் காலும் கண்ணும் ஆகப்போகிறவை சின்னச் சின்ன வட்டுகளாக மடிந்து கிடக்கின்றன. புழு பொரியும்போது சிறகு வட்டில் இருப்பவை சுமார் 50 செல்கள். நான்கைந்து நாளில், கூட்டுப்புழு ஆவதற்குள், அவை சுமார் 50,000 ஆகிவிடும். இப்படிப் பெருகிக்கொண்டிருக்கும் திசுவில் ஒரு பகுதியை அழித்தால், ஓரத்துச் செல்கள் வேகமாகப் பிரிந்து அந்த இடத்தை நிரப்புகின்றன. சாகும் செல்கள்கூட அண்டைச் செல்களுக்குப் பெருகச் சொல்லிச் சமிக்ஞை அனுப்பிவிட்டுத்தான் சாகின்றன. அங்கேயும் எல்லாம் சரியாக நடந்துவிடுவதில்லை. வட்டை இரண்டாக வெட்டினால், பெரிய துண்டு இழந்ததை வளர்த்துக்கொள்ளும். சிறிய துண்டோ இழந்ததை விட்டுவிட்டுத் தன்னையே இரட்டித்துக்கொள்ளும்.

காணொளி சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இத்தனையும் புழுவுக்குத்தான், ஈக்கு இல்லை. புழுப் பருவத்தின் கடைசிக் கட்டத்திலேயே இந்தத் திறன் மங்கிவிடுகிறது. வளர்ந்த ஈயின் சிறகைக் கத்தரித்துப் பாருங்கள், முளைக்காது. காலை ஒடித்தால், மிச்ச நாளெல்லாம் அந்தக் கால் இல்லாமல்தான் வாழும். ஈ கூட்டை விட்டு வந்த சில மணி நேரத்தில் சிறகின் செல்கள் செத்து அகற்றப்பட்டுவிடுகின்றன. பிறகு பெருகுவதற்கு அங்கே எது இருக்கிறது? வளர்ந்த ஈக்கே இல்லாத வரத்தை 58 வயது மனிதரிடம் எப்படி எதிர்பார்க்கிறீர்கள்? குழந்தையின் விரல்நுனி ஓரளவு வளர்வதுண்டு. கல்லீரல் வளரும். கால்விரல் வளராது. ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய உயிருள்ள செல். டப்பாவில் அடைத்த உலர்ந்த பொடியில் அது உயிரோடு இருக்காது. இருந்தாலும் வயிறு அதை இறைச்சியைப் போலத்தான் செரிக்கும்.

அந்தப் புழுவிடம் கற்க வேண்டியது வேறு. வட்டில் காயம்பட்டால் அது டில்ப்8 என்ற புரதத்தை வெளிவிடுகிறது. 2012-இல் கண்டறிந்த விஷயம் இது. அந்தப் புரதம் எக்டைசோன் ஹார்மோன் சுரப்பதைத் தாமதப்படுத்துவதால் கூட்டுப்புழு ஆவதே தள்ளிப்போகிறது. காயம் சரியாகும் வரை புழு அடுத்த வேலைக்குப் போவதில்லை. நம் தையல்காரரோ ஆறு வாரமும் அதே காலால் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், சர்க்கரையால் கால் மரத்துப்போயிருந்ததால் அவருக்கு வலிக்கவில்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலில் பத்து இடத்தில் தொட்டேன். ஒன்றைக்கூட அவர் உணரவில்லை.

வலி இல்லை என்பது நல்ல செய்தி அல்ல, தயவுசெய்து இதை நம்புங்கள். சர்க்கரை இருப்பவர்கள் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைக் கீழே வையுங்கள், அல்லது பிள்ளைகள் பார்க்கட்டும். வெறுங்காலோடு நடக்காதீர்கள், வீட்டுக்குள்ளும்தான். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், சூடு தெரியாமல் வெந்துபோகும். காய்ப்பை பிளேடால் சீவாதீர்கள். புண் வந்துவிட்டால் அந்தக் காலை ஊன்றாமல் இருப்பதுதான் பாதி வைத்தியம். எந்தப் பொடியும் அதற்கு ஈடாகாது. நிறம் மாறினாலோ, வாடை வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே வாருங்கள். இரவானாலும் பரவாயில்லை, எழுப்புங்கள்.