கோபத்தை இரைச்சலால் அளப்பது எப்படி?

வன்முறை நிறைந்த வீடியோ விளையாட்டுகள் இளைஞர்களின் மூர்க்கத்தைக் கூட்டுகின்றன என்று ஒரு செய்தி வந்தால், அந்த மூர்க்கத்தை எதைக் கொண்டு அளந்தார்கள் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். இத்துறையில் நடக்கும் சண்டையில் பாதி அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

ஆய்வகத்தில் ஒருவரை இன்னொருவர் அடிக்கவிட்டுப் பார்க்க முடியாது. அதனால் உளவியலாளர்கள் ஒரு மாற்று வழி வைத்திருக்கிறார்கள். பங்கேற்பவரைக் கணினி முன் அமர்த்தி, அடுத்த அறையில் இருப்பவருடன் போட்டி என்று சொல்வார்கள். சைகை வந்ததும் யார் முதலில் பொத்தானை அழுத்துகிறாரோ அவருக்கு வெற்றி. தோற்றவரின் ஹெட்போனில் காதைத் துளைக்கும் இரைச்சல் கேட்கும். அது எவ்வளவு உரக்க, எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதை எதிராளியே தீர்மானிப்பார். உண்மையில் அடுத்த அறையில் யாரும் இல்லை. வெற்றியும் தோல்வியும் கணினியில் முன்பே வகுக்கப்பட்டவை. பங்கேற்பவர் எதிராளிக்கென்று தேர்ந்தெடுக்கும் இரைச்சலே அவருடைய மூர்க்கத்தின் அளவாகப் பதிவாகிறது. 1960களில் இதே முறை மின் அதிர்ச்சியுடன் தொடங்கியது.

2000-ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர்களான கிரெய்க் ஆண்டர்சனும் கேரன் டில்லும் இம்முறையைக் கையாண்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு சாரார் துப்பாக்கிச் சண்டை விளையாட்டான ‘வுல்ஃபன்ஸ்டைன் 3டி’யை ஆடினார்கள், மறு சாரார் புதிர்களை அவிழ்க்கும் ‘மிஸ்ட்’ விளையாட்டை ஆடினார்கள். ஒரு சுற்றில் தோற்ற பிறகு, சண்டை விளையாட்டை ஆடியவர்கள் இரைச்சலைச் சற்றே கூடுதல் நேரம் ஒலிக்கவிட்டார்கள். இரைச்சலின் உரத்தில் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. அதைச் செய்தவர்கள் ‘டூம்’ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடியவர்கள் என்ற பேச்சு எங்கும் பரவியிருந்தது. இரைச்சல் நேரத்தில் தெரிந்த சிறு வேறுபாடு அந்தப் பேச்சோடு சேர்ந்து பெரிதாகிப்போனது.

உரத்தை எடுப்பதா, நேரத்தை எடுப்பதா, முதல் சுற்றை மட்டும் எடுப்பதா, எல்லாவற்றின் சராசரியை எடுப்பதா? ஜெர்மானிய உளவியலாளர் மால்ட்டே எல்சன் இச்சோதனையைப் பயன்படுத்திய ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஒரே சோதனையின் மதிப்பெண் 150-க்கும் மேற்பட்ட விதங்களில் கணக்கிடப்பட்டிருந்தது. தேடினால் விரும்பிய முடிவு ஏதாவது ஒரு கணக்கில் அகப்பட்டுவிடும். என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான்.

ஆனாலும் விளையாடி முடித்த கையோடு சிலர் சிடுசிடுப்பது பொய்யல்ல. இதயத் துடிப்பு ஏறியிருக்கும், உடல் விறைத்திருக்கும், சண்டை தொடர்பான எண்ணங்கள் மனத்தின் மேற்பரப்பில் மிதக்கும். அந்த நேரத்தில் யாராவது சீண்டினால் பதில் சூடாகவே வரும். இந்தக் கிளர்ச்சி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று 2009-இல் அளந்து பார்த்தபோது, பத்து நிமிடங்களுக்குள் அடங்கிவிடுவது தெரிந்தது.

அந்தச் சூட்டுக்கும் காரணம் விளையாட்டில் வரும் ரத்தமும் வன்முறையும்தானா? கனடாவில் பால் அடாச்சியும் டீனா வில்லோபியும் 2011-இல் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். வாள்வீச்சும் வெட்டும் நிறைந்த ‘கோனன்’ ஒரு பக்கம், கார்ப் பந்தயமான ‘ஃப்யூயல்’ மறுபக்கம். போட்டித்தன்மையும் கடினமும் வேகமும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. இம்முறை மூர்க்கத்தின் அளவுகோல், காரம் பிடிக்காத ஒருவருக்கென்று எவ்வளவு காரமான மிளகாய்ச் சாஸைத் தயார் செய்கிறார்கள் என்பது. இரு குழுவினரிடமும் வேறுபாடு இல்லை. அடுத்த சோதனையில், போட்டி மிகுந்த விளையாட்டுகளே மூர்க்கத்தைக் கூட்டின. அவற்றில் வன்முறை இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டாக இருக்கவில்லை. தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையை அந்த நேரம் பார்த்துச் சாப்பிடக் கூப்பிட்ட பெற்றோருக்கு இது வியப்பளிக்காது.

நீண்டகால விளைவுதான் கடினமான பகுதி. 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மொத்தம் 17,000-க்கும் மேற்பட்ட சிறுவர்களையும் பதின்பருவத்தினரையும் தொடர்ந்து கவனித்த 24 ஆய்வுகளை ஒன்றுசேர்த்தது. வன்முறை விளையாட்டை ஆடியவர்களிடம் பிற்காலத்தில் அடிதடி சிறிதளவு கூடியிருந்தது. மிகச் சிறிய அளவு, ஆனால் பூஜ்யம் அல்ல. மறு ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி, எதை எப்படிக் கணக்கிடப் போகிறோம் என்பதைத் தரவு திரட்டும் முன்பே எழுதிப் பதிவு செய்துவிட்டு, 14, 15 வயதுடைய ஏறக்குறைய ஆயிரம் பிரிட்டன் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் ஆராய்ந்தார். விளையாட்டின் வன்முறையை அதன் அதிகாரபூர்வ வயதுத் தரச்சான்றைக் கொண்டும், பிள்ளையின் நடத்தையைப் பெற்றோர் சொன்னதைக் கொண்டும் அளந்தார். தொடர்பு எதுவும் தென்படவில்லை. பின்கதவு வழியாகக் கணக்கை மாற்ற இடமில்லாத இந்த ஆய்வுக்கே நான் கூடுதல் எடை தருவேன். அது ஒரே காலகட்டத்தின் படம் மட்டுமே என்ற குறையும் அதில் உண்டு.

அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் தன் நிலைப்பாட்டைத் திருத்தி எழுதியது. கத்துவது, தள்ளுவது போன்ற நடத்தைகளுடன் இவ்விளையாட்டுகளுக்குச் சிறிய தொடர்பு உண்டு என்றது. துப்பாக்கிச் சூடு போன்ற கொடூரங்களுக்கு இவற்றைக் காரணமாகக் காட்டப் போதிய சான்று இல்லை என்றும், அப்படிக் காட்டுவது உண்மையான காரணங்களிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடும் என்றும் அது எச்சரித்தது.